பிடுங்க மனம் வராத நாற்றுகள்

(வீட்டுத் தோட்டப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

காய்கறித் தோட்டம் போடுகிறவர்களுக்கு விதைப்பது எளிது. நீர் விடுவதும் எளிது. முளைத்து நிற்கும் செடியைப் பிடுங்குவதுதான் கடினம். அந்தத் தயக்கம் இயல்பானதே. ஆயினும் அதனாலேயே பயனற்றுப் போன பாத்திகள் பல.

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வாறு அமைந்த ஒரு பள்ளித் தோட்டத்தில் பீட்ரூட் பாத்தியைக் கண்டேன். மண்ணே தெரியாதபடி இலை அடர்ந்திருந்தது. பார்வையாளர் குறிப்பேட்டில் பாராட்டும் எழுதப்பட்டிருந்தது. பருவம் முடிந்து தோண்டியபோது, கிழங்குகள் சுண்டுவிரல் அளவுக்கு மேல் பருக்கவில்லை! குற்றம் விதையுடையதன்று, மண்ணுடையதுமன்று. பீட்ரூட் விதை என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒன்றை ஊன்றினால் இரண்டு, மூன்று கன்றுகள் எழும். எவ்வளவு இடைவெளி விட்டு விதைத்தாலும் கலைத்தே ஆகவேண்டிய பயிர் அது.

நெருங்கி நிற்கும் கன்றுகள் வெளிச்சத்திற்காகப் போட்டியிட்டு, தண்டு மெலிந்து நெடிதுயர்கின்றன. காற்றோட்டமின்றி ஈரம் தங்குவதால் நாற்றழுகல் நோயும் எளிதில் பற்றுகிறது.

முதலிரண்டு உண்மை இலைகள் விரிந்ததும் கலைக்கத் தொடங்கலாம். தாமதித்தால் வேர்கள் பின்னிக்கொள்ளும். ஒன்றை இழுத்தால் அடுத்ததும் அசையும். நீர் விட்டு, மண் நெகிழ்ந்தபின் பிடுங்குக. மிக நெருக்கமாயிருப்பின் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிடுவது மேல். பீட்ரூட்டுக்குச் செடிக்குச் செடி சுமார் 10 சென்டிமீட்டரும், வெண்டைக்கு 30 சென்டிமீட்டரும் வேண்டும். சுரை, பூசணிக் குழிகளில் நான்கைந்து விதை ஊன்றி, வலுவான இரண்டு கன்றுகளை மட்டும் விடுவது வழக்கம்.

பிடுங்கியதெல்லாம் குப்பைக்குப் போகவேண்டியதில்லை. முள்ளங்கி, பீட்ரூட் இளங்கன்றுகள் கீரையாகச் சமையலுக்கு ஆகும். தண்டுக்கீரைப் பாத்தியில் கலைத்தலே முதல் அறுவடை. தக்காளி, கத்தரிக் கன்றுகளை வேறிடத்தில் நடலாம். காரட், முள்ளங்கியை அவ்வாறு நட்டால் ஆணிவேர் சிதைந்து கிழங்கு கவைத்துப் போகும்.

பார்வையிடச் செல்லும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். முளைத்த செடிகளின் எண்ணிக்கையோடு பதிவேட்டை முடித்துவிடாதீர்கள். கலைத்த நாள், விட்ட இடைவெளி, சமையலறைக்குச் சென்ற எடை ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அப்போது, செடியைப் பிடுங்கிய மாணவன் மீது தோட்டத்தை அழித்தான் என்ற பழி விழாது.