சாலை மரங்களும் காரீய நஞ்சும்



மாழைகளுக்குப் பெயரிட்டதில் தமிழன் காட்டிய நுட்பம் பெரிது. ஈயம் என்னும் ஒரு சொல்லோடு அவன் நின்றுவிடவில்லை. வெள்ளீயம் என்றும் காரீயம் என்றும் பிரித்தான். திருமயிலை அடுக்களைகளில் மிளகுசாறு வைக்கும் ஈயச்செம்பு வெள்ளீயத்தால் ஆனது. ஆனதாக இருத்தல் வேண்டும்! காரீயமோ நஞ்சு. அந்தக் காரீயம் இன்று வேறொரு வழியாகவும் அடுக்களைக்குள் வரக்கூடும். அவ்வழி சாலையோர வேம்பு.

1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு முறை கண்டனர். பெட்ரோல் எனப்படும் கன்னெய்யில் காரீயச் சேர்மம் சிறிது கலந்தால், பொறி தட்டொலியின்றி ஓடும் என்பதே அது. பொறி இனிது ஓடிற்று. புகையோடு காரீயத் துகளும் ஓடி வந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்பிரலில்தான் காரீயமில்லாக் கன்னெய் வந்தது. 2000 பிப்பிரவரியில் நாடு முழுதும் காரீயக் கன்னெய் நின்றது. உலகில் இறுதியாக நிறுத்திய நாடு அல்சீரியா, ஆண்டு 2021. ஒரு தீங்கைக் கண்டுபிடித்து, அதனைக் கைவிட மாந்தனுக்கு நூறாண்டு தேவைப்பட்டிருக்கிறது!

நின்றுவிட்டதே, இனி என்ன அச்சம் என்று வினவுவார் உளர். இலை மட்கும், துணி இற்றுப்போகும். மாழை மட்காது, எரிந்தும் அழியாது. மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். வண்டிகள் ஓட ஓட அம்மண் தூசியாய் எழுந்து இலைமேல் படியும். மழை அதனைக் கழுவி மீண்டும் மரத்தடியில் சேர்க்கும். வேர் வழியே ஏறும் காரீயம் சிறிதே. இலைமேலும் பட்டைமேலும் படிவதே மிகுதி.

சென்னையில் 3 முதல் 7 அகவை வரையுள்ள 756 சிறாரின் குருதியை அளந்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. காரீயக் கன்னெய் நின்ற பின்னர் அளந்த அளவு அது. நூறு மில்லிலிட்டர் குருதியில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம்! காரீயம் மிகுந்த சிறாரிடம் கருத்தூன்றும் ஆற்றல் குறைந்திருந்ததை அவர்தம் ஆசிரியர்களின் மதிப்பீடே காட்டியது. அத்தனையும் சாலையிலிருந்து வந்தது என்று கூறுவதற்கில்லை. சுவர்ப்பூச்சுகளும் பழைய மின்கலங்களை உருக்குவதும் அதில் பங்குடையவை. ஆயினும் தீங்கற்ற காரீய அளவு என ஒன்று இல்லையென்று உலக நலவாழ்வு நிறுவனமே சொல்லிவிட்டது.

காரீயம் மட்டுமன்று. டயர் தேயத் துத்தநாகம் உதிர்கிறது. பிரேக்குக் கட்டை தேயச் செம்பு உதிர்கிறது. தியாகராயர் நகர் உசுமான் சாலையில் வண்டி பத்தடி நகர்ந்து நிற்கும்; மறுபடி பத்தடி நகர்ந்து நிற்கும். அங்குத் தேய்மானத்திற்குக் குறைவேது? மெழுகுபோன்ற வழவழப்பான புன்னை இலையில் படிந்த தூசியை மழை எளிதில் கழுவும். சுணையும் சொரசொரப்பும் உள்ள இலைகள் எளிதில் விடா. மக்கள் மூச்சில் புகவேண்டியதை மரம் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அம்மரத்துக்கு நகரத்தார் தரும் கைம்மாறு, விளம்பரப் பலகை தொங்கவிட அதன் நெஞ்சில் அறையும் ஆணி!

சித்திரை பிறந்தால் வேப்பம்பூ வேண்டும். அம்மை கண்டால் வேப்பிலை வேண்டும். நகரில் கைக்கெட்டும் வேம்பு, பேருந்து செல்லும் சாலையில் நிற்கும் வேம்பே. அதனைப் பறித்து உதறி அப்படியே வாணலியில் இடுகின்றனர். சாலையோர முருங்கைக்கீரையின் நிலையும் இதுவே. கழுவினால் தூசியில் ஒரு பகுதி போகும், முழுதும் போகாது. சாலையிலிருந்து விலக விலக இம்மாழைகளின் அளவு விரைந்து குறைகிறது. ஆதலின் அடையாற்றில் வண்டி நெரியும் சாலையை விட்டு உட்தெருவிலோ வீட்டுப் பின்கட்டிலோ நிற்கும் மரத்தில் பறிப்பது நன்று. கூட்டிய சருகைத் தெருமுனையில் கொளுத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும். இலை எரிந்துபோகும், மாழை சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் சில வீடுகளில் அள்ளிச்சென்று கீரைப் பாத்திக்கு உரமாக இடுகின்றனர்.