குளிர் காக்கும் துறைமுகம்

உலகிலேயே மிகுதியாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு, தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார். அதன் குவாயாகில் துறைமுகத்திலிருந்து வாழையும் இறாலும் கடல் கடந்து செல்கின்றன.

இரண்டுக்கும் குளிர் வேண்டும். ஆனால் ஒரே அளவுக் குளிர் அன்று. உறைந்த இறாலைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரிலேனும் வைத்தல் வேண்டும். வாழைக்கோ ஏறத்தாழ 13 டிகிரி போதும். அதனினும் மிகக் குளிர்ந்தால் தோல் கறுக்கும்; காய் செவ்வனே கனியாது. வெப்பம் மிகுந்தாலோ வழியிலேயே பழுக்கத் தொடங்கும். பழுக்கும் காய் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிட்டு, அருகிலுள்ள காய்களையும் பழுக்கச் செய்யும். ஆகவே பச்சைக் காயாகவே ஏற்றுகின்றனர். சேருமிடத்தில் அவ்வாயுவைக் கொண்டே கனிய வைக்கின்றனர்.

பல்லாண்டு வகுப்பறையில் வெப்பமானியைக் காட்டிப் பாடம் நடத்தியவன் நான். அதன் கோடுகளைத் தேர்வுக்குரிய செய்தியாகவே கற்பித்துவிட்டேனோ என இப்போது ஐயுறுகிறேன். உழவர், மீனவர் ஆகியோரின் பல மாத உழைப்பு அக்கோடுகளில் அடங்கியுள்ளது. தோட்டம், துறைமுகம், கப்பல், அங்காடி ஆகியவற்றுள் ஓரிடத்தில் காவல் தவறினாலும் அவ்வுழைப்பு வீணாகும். குளிர், கெடுவதைத் தள்ளிப்போடும், கெட்டதை நல்லதாக்காது.