பனி என்னும் வேலி



'பனி' என்றதும் இந்நாட்டு மாணவர் நினைவில் எழுவது கேமரன் மலையின் மூடுபனியாக இருக்கலாம். நீலகிரி வாழ்நர்க்கோ அவ்வொரு சொல் போதாது. குளிர்காலத் தொடக்கத்தில் புல் நுனியில் திரளும் துளியை அவர்கள் நீர்ப்பனி என்பர். பின்னர் இரவில் உறைந்து புல்வெளியை வெளுக்கச் செய்வதை உறைபனி என்பர். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள சில பாகை வெப்பத்தைச் சார்ந்தே ஒரு நிலத்தின் வாழ்வு நிற்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திற்கு மேல், மலைமடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மழை மிக்க அந்நிலத்தில் சோலை மரங்கள் ஏன் சரிவெங்கும் பரவவில்லை? உறைபனி ஒரு முதன்மைக் காரணம். தெளிந்த இரவுகளில் திறந்தவெளி தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. மரநாற்றின் இளந்தளிர் கருகுகிறது. புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டியிருத்தலால் பிழைத்துக்கொள்கிறது. சோலைக்குள் இலைக்கூரை குளிரைத் தணிப்பதால் அங்கே நாற்று வளர்கிறது. எனவே, உறைபனியே புல்வெளிக்கு வேலி.

புவி வெப்பமடைந்தால் இவ்வேலி என்னாகும்? இதனை அறிய ஆய்வாளர்கள் நீலகிரிப் புல்வெளியில், மேற்புறம் திறந்த, ஒளி ஊடுருவும் சுவர்களையுடைய கூண்டுகளை நிறுத்தினர். மின்சாரம் இன்றியே உள்ளிருக்கும் காற்று ஓரிரு பாகை கூடுதலாகச் சூடேறும். அச்சூட்டில் மண் வெளியிடும் கரியமில வாயு மிகுந்தது. மண்ணில் சேர்ந்திருந்த கரிமம் வளிமண்டலத்தை அடைந்தால், அது மேலும் வெப்பத்திற்கே வழிவகுக்கும்.

மற்றோர் இடரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட சீகை மரம், பெயரால் தமிழாயினும் பிறப்பால் ஆஸ்திரேலியாவினது. அது புல்வெளிகளில் தானே பரவிவருகிறது. உறைபனி குன்றுமாயின் அதன் பரவலைத் தடுப்பது மேலும் அரிதாகும். வரையாடு மேயும் வெளியும், தோடர் தம் கோயில் வேயும் புல்லும் அதனோடு சுருங்கும்.

இங்கே மொழியியலாளனாகிய எனக்கும் ஒரு கவலை உண்டு. 'சோலை' என்னும் நம் சொல் ஆங்கில அறிவியல் நூல்களில் குடியேறிவிட்டது. அதன் அருகிலேயே விரிந்துள்ள புல்வெளிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆட்சியாளர் அதனைப் பயனற்ற வெற்றுநிலம் என்றனர். மரம் நடுதல் அந்நிலத்தைத் திருத்துவதாகக் கருதப்பட்டது. வெப்பம் செய்யவிருக்கும் கேட்டிற்கு அச்சொல் முன்னரே வழி திறந்துவிட்டது.

ஆசிரியர்களே, முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுதுகளை வகுப்பில் ஒப்பிக்கச் செய்கின்றோம். இனி, அப்பனி நிலத்திற்கு என்ன செய்கிறது என்றும் வினவுங்கள். ஒரு சொல் அகராதியில் மட்டும் எஞ்சும் நாளில், அச்சொல் சுட்டிய பொருளை நாம் இழந்திருப்போம். உறைபனிக்கு அந்நிலை வாராதிருக்கட்டும்.