மின்கம்பி வழி விமானம் செலுத்தல்
(செம்மங்குப்பத்தில் நிகழ்ந்த நம் சங்கத்து மாதக் கூட்டத்திற் பேசியது)



தமிழாசிரியனாகிய யான் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். விமானம் என்னும் சொல் கருவறைமேல் எழும் கோபுரத்தையும் குறிக்கும். வானிற் செல்லும் ஊர்தியையும் குறிக்கும். முன்னதைப் பற்றிப் பேச யாவரும் என்னை அழைக்கின்றனர். பின்னதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளோ துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அதில் ஏறியே பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். அது எவ்வாறு செலுத்தப்படுகின்றது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் தகும்.

1903-இல் ரைட் சகோதரர் பறந்த காலத்திலே, விமானி அசைத்த அசைவைக் கயிறும் கம்பியுமே இறக்கைக்குக் கொண்டு சென்றன. வண்டிக்காரன் கையிலுள்ள மூக்கணாங்கயிறு போன்றதே அது. இழுத்த அளவிற்கு மாடு திரும்பும். விமானம் பெரிதாகவே, மனிதன் கைவலி போதாமல், எண்ணெயின் அழுத்தத்தைத் துணைக்கொண்டனர். ஆயினும் விமானியின் கைக்கும் இறக்கைப் பலகைக்கும் இடையே எஃகுக் கம்பித் தொடர்பு இருந்துகொண்டே வந்தது.

1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-இல் முதன்முதற் பறந்த ஏர்பஸ் ஏ-320 என்னும் பிரயாணி விமானம் இந்நிலையை மாற்றிற்று. இதில் விமானியின் பக்கத்தே ஒரு சிறு கைப்பிடி மட்டும் உண்டு. அதனை அசைத்தால் இறக்கைப் பலகை நேரே அசைவதில்லை. அவ்வசைவு மின்குறியாகிக் கணிப்பொறிக்குச் செல்லும். கணிப்பொறி, 'இவர் விமானத்தை இன்ன அளவு எழுப்ப விரும்புகின்றார்' என்று பொருள் கொண்டு, அப்போதைய வேகம் முதலியவற்றை நோக்கி, எப்பலகையை எவ்வளவு அசைத்தல் வேண்டும் எனத் தானே துணியும். அதன்பின், சதுர அங்குலத்துக்கு 3000 இராத்தல் அழுத்தமுடைய எண்ணெய் அப்பலகையைத் தள்ளும். சுருங்கச் சொன்னால், விமானி பயனைக் கேட்கின்றார். வழியைக் கணிப்பொறி வகுக்கின்றது.

வழி வகுப்பதோடு அது நிற்பதில்லை, எல்லையும் கட்டுகின்றது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினும், இயல்பு நிலையில் விமானம் 67 பாகைக்கு மேற் சாயாது. மூக்கு 30 பாகைக்கு மேல் எழாது. 15 பாகைக்குக் கீழ் தாழாது.

அக்கணிப்பொறியே பிழை செய்தால் என் செய்வது என்று கேட்பீர்கள். ஆகவேதான் அதில் ஒன்றன்று, ஏழு கணிப்பொறிகள் உள்ளன. எலாக் என்பன இரண்டு. செக் என்பன மூன்று. பேக் என்பன இரண்டு. ஒவ்வொன்றனுள்ளும் ஆணையிடும் பாதி ஒன்று, அதனைக் கண்காணிக்கும் பாதி ஒன்று. இரண்டும் முரண்பட்டால் அப்பொறி விலகும், அடுத்தது பொறுப்பேற்கும். மேலும் எலாக்கையும் செக்கையும் வேறு வேறு குழுவினர், வேறு வேறு சில்லுகளைக் கொண்டு ஆக்கினர். ஒரே ஆசிரியர் ஒரு விடைத்தாளை இருமுறை திருத்தினால், முதன்முறை காணாத பிழையை மறுமுறையும் காணாது விடுவார். வேறொருவர் திருத்தினாலன்றோ அது வெளிப்படும்? இவ்வேற்பாட்டின் நுட்பம் இதுவே. யான் மிக மதிப்பதும் இதனையே.

இத்துணைக் காவலிருந்தும் குறை நேராமலில்லை. 2025 அக்டோபர் 30-இல், மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஜெட்புளூ விமானம் ஒன்று, விமானி கேளாமலே திடீரெனத் தலை தாழ்த்தி இறங்கிற்று, சிலர் காயமுற்றனர். ஆராய்ந்த ஏர்பஸ் நிறுவனத்தார், சூரியனிலிருந்து வரும் கடுங்கதிர்வீச்சு எலாக்கிலுள்ள தகவலைச் சிதைக்கக்கூடும் எனக் கண்டனர். கணிப்பொறி யாவற்றையும் ஒன்று, சுழி என்னும் இரு குறிகளாலேயே எழுதிவைக்கும். வானத்தின் உயரத்தே விரைந்து வரும் ஒரு துகள் தாக்கினால், சுழி ஒன்றாய் மாறிவிடலாம். ஓரெழுத்துப் பிழைத்தால் 'அரசன்' 'அரவன்' ஆவது போலக் கொள்க. நவம்பர் 28-இல், உலகெங்கும் ஏறத்தாழ 6000 விமானங்களைத் திருத்தும்படி அறிவிப்பு வந்தது. நம் நாட்டில் இண்டிகோ, ஏர் இந்தியா முதலியவற்றின் விமானங்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை அதில் அடங்கின. பெரும்பாலானவற்றிற்குப் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றுதலே மருந்தாயிற்று; சில மணி நேரத்தில் முடிந்தது.

இயந்திரம் செவ்வனே இருந்தும் மனிதன் அதனைத் தவறாக எண்ணியிருந்தாலும் கேடு வரும். 1990 பிப்ரவரி 14-இல் பெங்களூரில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320, ஓடுபாதையை எட்டுமுன் கோல்ப் மைதானத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். இயந்திரங்கள் ஓய்வுநிலையில் இருக்க, வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் உரிய காலத்தே கவனியாமையே காரணம் என விசாரணை முடிவு கூறிற்று. விமானம் எல்லை கடவாமற் காக்கக் கணிப்பொறிக்கு இயலும். இழந்த வேகத்தை நொடியில் ஈட்டித்தர அதற்கும் இயலாது.

இவ்விடத்தில் யான் சொல்லாது விடவியலாத ஒன்றுண்டு. 2025 ஜூலை 8-ஆம் நாள் காலை நம் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி, மாணவர் மூவரை நாம் இழந்தோம். கதவு அடைபட்டாலன்றிச் சிக்னல் பச்சை காட்டாத பிணைப்பு ஒன்று உண்டு, இன்டர்லாக் என்பர். விமானத்தின் எல்லைக் காவல் செய்வதும் ஏறக்குறைய அதுவே: மனிதன் கை தவறினாலும் பொறி இடங்கொடாது. நம்மூர்க் கேட்டில் அப்பிணைப்பு அன்று இல்லை. நிலைய அதிகாரியும் கேட் காப்பாளரும் தொலைபேசியிற் பேசிக்கொள்வதே அங்குக் காவல். அதன்பின், ரயில்களின் தொகையைச் சாலை வண்டிகளின் தொகையாற் பெருக்கி வரும் எண் 20,000-ஐ எட்டினாற்றான் பிணைப்பு என்றிருந்த வரம்பை 10,000-ஆகக் குறைத்தனர். குறைத்தது நன்றே. ஆயினும், ஏழு கணிப்பொறி வானத்திற் காவல் நிற்கும் இக்காலத்தே, பிள்ளைகள் செல்லும் வழிக்கு ஒரு பிணைப்பு வேண்டுமா என்பதைப் பெருக்கற் கணக்கால் முடிவு செய்தல் எனக்கு உடன்பாடன்று.

கூட்டந் தொடங்குமுன் பெரியவர் ஒருவர், 'ஏழும் ஒருங்கே அவிந்தால்?' என்று கேட்டார். அதற்கும் வழி வைத்துள்ளனர். ஏ-320 விமானங்கள் பெரும்பாலானவற்றில், இரு விமானிகளுக்கும் நடுவே வாற்சிறகைத் திருப்பும் சக்கரம் ஒன்றும், காலடியில் சுக்கானை அசைக்கும் மிதிகளும் உள. இவை மின்கம்பியை நம்புவன அல்ல. பழைய எஃகுக் கம்பிகளாலேயே பிணைக்கப்பட்டவை. கணிப்பொறிகள் மீண்டும் உயிர்பெறும் வரையில் அவற்றைக் கொண்டே விமானத்தை நேரே நிறுத்திவைப்பர்.