தடுத்தலும் நிறுத்தலும் நீக்கலும்

(பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே அருகே பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று 'பிரிவென்ட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச விழைகின்றேன். தமிழில் அது தடுத்தல். இங்கு வளரும் எம் பிள்ளைகள் அறிந்த இத்தாலியத்தில் 'பிரெவெனிரே'. இரண்டிற்கும் மூலமான இலத்தீன் சொல்லின் பொருள் 'முந்தி வருதல்' என்பதாகும். 'ஸ்டாப்' என்னும் சொல் நடந்துகொண்டிருப்பதையும் நிறுத்தும், நடக்கவிருப்பதையும் மறிக்கும். 'பிரிவென்ட்' நடக்கவிருப்பதற்கு மட்டுமே உரியது. ஓடும் தொடருந்தை நிறுத்தலாம். வரக்கூடிய விபத்தைத் தடுக்கலாம். நடந்து முடிந்த விபத்தைத் தடுக்க எவராலும் இயலாது.

இச்சொல் எம் இனத்தின் வாழ்வில் இரு ஆவணங்களின் பெயரில் உள்ளது.

முதலாவது, 1948 ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு மற்றும் தண்டனைக்கான ஐ.நா. உடன்படிக்கை. இலங்கை 1950 இல் இதனை ஏற்றது. பெரும் ஆபத்து உண்டென ஓர் அரசு அறிந்த கணத்திலேயே தடுக்கும் கடமை பிறந்துவிடுகின்றது என அனைத்துலக நீதிமன்றம் 2007 இல் பொஸ்னிய வழக்கில் தீர்ப்பளித்தது. இங்கே முந்தி வருதல் மக்களைக் காப்பதற்காக.

இரண்டாவது, இலங்கையின் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது இதே சொல்லே. ஆனால் இங்கே முந்தி வந்தது சிறை. சந்தேகத்தின் பேரில், குற்றப்பத்திரமின்றி, அமைச்சரின் ஆணையால் 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022 இன் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. மூன்றாண்டுகளுக்கென வந்த 'தற்காலிக' சட்டம், 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

இளையோரே, இனி மிக முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். 2002 பெப்ரவரி 22 ஆம் நாள் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின்படி, இச்சட்டத்தின் கீழான கைதுகள் நிறுத்தப்பட்டன. சட்டமோ நீக்கப்படவில்லை. போர் மீண்டபோது அதன் பிரயோகமும் மீண்டது. 2022 இலும் அதன் பயன்பாடு இடைநிறுத்தப்படுவதாக அரசு கூறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் சிங்கள மாணவச் செயற்பாட்டாளர்கள் மீது அது ஏவப்பட்டது. நிறுத்தப்பட்டது மீண்டும் தொடங்கக் கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 யூன் மாதத் தீர்மானத்தில் இச்சட்டத்தை இரத்துச் செய்யுமாறே கோரியது. நீங்களும் இத்தாலிய, ஐரோப்பிய உறுப்பினர்களுக்கு மடல் வரையும்போது 'ஃபெர்மாரே' என எழுதாதீர்கள்; 'அப்ரொகாரே' என எழுதுங்கள். முன்னது நிறுத்து என்னும். பின்னது இல்லாதொழி என்னும். இதற்குப் பதிலாகக் கொண்டுவரப்படும் எந்தச் சட்டத்திலும், பெயரை அன்று, விசாரணையின்றி ஒருவரை எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்பதையே முதலில் தேடிப் படியுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மடலைப் பிள்ளைகள் இத்தாலியத்தில் எழுதித் தருவார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் காணாமற்போன அயலவரின், வருடக்கணக்கில் சிறையிருந்த உறவினரின் கதையை நீங்கள்தான் அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கதை தெரியாத பிள்ளைக்குச் சரியான சொல்லும் வெறும் சொல்லே.