சாப்பிட்ட கையோடு ஒரு நடை



சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் நம்மவர்கள் பலர் முதலில் வாங்குவது ஒரு ஜோடி ஷூ. விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி நாலு ரவுண்டு, திரும்பும் வழியில் ஒரு டீ. நல்ல பழக்கந்தான், டீயோடு வடை சேராதவரை! ஆனால் காலை இட்லி உள்ளே போய் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை உச்சத்துக்கு ஏறுகிறதே, அந்த நேரத்தில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நாற்காலியில்.

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக வேண்டுமானால், தசை செல்லுக்குள் இருக்கும் குளுட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். அதை வரவைப்பது இன்சுலின். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இன்சுலின் கூப்பிட்டாலும் தசை சரியாகக் காது கொடுப்பதில்லை. ஆனால் நாம் நடக்கும்போது, தசை சுருங்குகிற அந்த வேலையே, இன்சுலினுக்குக் காத்திராமல் குளுட்-4ஐ மேலே கொண்டுவந்துவிடுகிறது. மாத்திரை போடுகிறவர்களுக்கும் இந்த வழி திறந்தேதான் இருக்கிறது. அதனால்தான் சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடந்தாலே ஏற்றம் மட்டுப்படுகிறது. வேகம் தேவையில்லை, மொட்டை மாடி போதும்.

நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். அப்புறம் பழைய கதைதான். வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்லும் மருத்துவர்கள், சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வது இதனால்தான்.

சிலர் மூச்சிரைக்க ஷட்டில் ஆடிவிட்டு வந்து சோதித்தால், ஆடுவதற்கு முன் இருந்ததைவிடச் சர்க்கரை கூடியிருக்கும். மீட்டர் கெட்டுவிடவில்லை. கடும் உழைப்பில் சுரக்கும் அட்ரினலின், கல்லீரலிலிருந்து குளுக்கோஸை இறக்கிவிடுகிறது. பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே தணிந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாக ஒரு மாத்திரை போடுவதுதான் ஆபத்து.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். உடற்பயிற்சி இன்சுலினின் வேலையைக் கூட்டும் என்று லண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ் 1926லேயே எழுதினார். அவரே இன்சுலின் போட்டுக்கொண்டு வாழ்ந்த சர்க்கரை நோயாளி. தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே நடக்கப் போனால் மருந்து இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். மாலையில் நெடுநேரம் உடற்பயிற்சி செய்தால் நள்ளிரவில்கூட சர்க்கரை இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் நின்றுவிடுங்கள். சோதித்துப் பார்த்துச் சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அடிக்கடி இப்படி ஆனால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஷூவைப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சிறு கல் கிடந்தாலும் அவர்கள் காலுக்குத் தெரியாது. நடந்து வந்ததும் பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.