கண்டி மாலையும் காண்போர் ஆடையும்

அயல்நாடு செல்வோர் பெட்டியில் ஆடைகளை அடுக்கும்போது இரண்டு வினாக்களையே பெரும்பாலும் எண்ணிப் பார்க்கின்றனர். அங்கே குளிருமா, வெயில் காயுமா என்பது ஒன்று. புகைப்படத்தில் எது எடுப்பாகத் தோன்றும் என்பது மற்றொன்று. மூன்றாவது வினாவும் ஒன்று உண்டு. அவ்வூர் மக்கள் எதனை மரியாதை என்று கருதுகின்றனர் என்பதே அது. இலங்கையின் கண்டி நகரம் இந்த மூன்றாவது வினாவை மாலைதோறும் பயணிகள் முன் வைக்கின்றது.

கண்டிக்குச் செல்வோர் விரும்பிக் காண்பது அவ்வூரின் நடனம். ஏரியை அடுத்த அரங்குகளில் மாலை 5 மணியளவில் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடைபெறும். முடிவில் தணல்மீது நடந்து காட்டுவதும் உண்டு. அது முடிந்ததும் கூட்டம் தலதா மாளிகையை நோக்கி நகரும். புத்தர் பெருமானின் பல் எனப் போற்றப்படும் புனிதச் சின்னம் அங்கே பேழையுள் வைத்துக் காக்கப்படுகின்றது. மாலைப் பூசை 6.30 மணியளவில் நடைபெறும். இடையே விடுதிக்குச் சென்று உடை மாற்றி வரப் பொழுது போதாது. ஆகவே, அரங்கிற்கு உடுத்திய ஆடையே ஆலயத்திற்கும் தகுந்ததாக இருத்தல் வேண்டும்.

விதி மிக எளியது. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். காலணியையும் தொப்பியையும் களைதல் வேண்டும். அரைக்கால் சட்டையும் கையில்லாத மேலாடையும் அணிந்து சென்றவர், உள்ளே முரசம் முழங்கிப் பூசை தொடங்கும் வேளையில், வெளியே போர்த்திக்கொள்ளத் துணி தேடி நிற்க நேரும். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, வாயிலில் நின்றுவிடுவது எத்துணை இழப்பு! புத்தர் உருவம் பொறித்த ஆடையை அழகென்று அணிவதும் அங்கே அவமதிப்பாகக் கொள்ளப்படும்.

தமிழ்நாட்டுப் பயணிக்கு இதில் வியப்பு ஒன்று உண்டு. திருச்செந்தூரில் ஆடவர் சட்டையைக் களைந்து முருகனை வணங்குவர். கண்டியிலோ தோளை மூடி வணங்குவர். நம் வீடுகளில் பெண்கள் வெள்ளை உடுத்துவதைத் துயரத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் இருந்தது. அங்கே ஆலயம் செல்லும் தாய்மார் தூய வெள்ளையையே விரும்பி உடுத்துகின்றனர். உள்ளத்துப் பணிவு ஒன்றே; அதனைக் காட்டும் முறைதான் ஊருக்கு ஊர் மாறுகின்றது. நம் வேட்டியும் சட்டையும், சேலையும் எவ்வித மாற்றமுமின்றி அங்கே பொருந்துவது நமக்கு வாய்த்த நன்மை.

அரங்கில் ஆடுபவரையும் சற்று உற்றுநோக்க வேண்டும். 'வெஸ்' எனப்படும் அவரது ஒளிரும் தலையணி, கடையில் வாங்கி அணியும் ஒப்பனைப் பொருளன்று. பல்லாண்டு பயின்ற பின்னரே, சடங்குடன் நல்ல நேரம் பார்த்து அது முதன்முதலாகச் சூட்டப்படும். நோய் நீங்கவும் வளம் பெருகவும் நிகழ்த்தப்பட்ட 'கொஹொம்பா கங்காரிய' என்னும் வழிபாட்டிலிருந்து வளர்ந்தது இந்நடனம். ஆடுபவர் தம் அணியை இவ்வளவு மதிக்கும்போது, காண்பவர் தம் ஆடையைப் பொருட்படுத்தாதிருத்தல் தகுமா?

ஜூலை அல்லது ஆகஸ்டில் நிகழும் எசல பெரஹராவைக் காணச் செல்வோர் மேலும் சிலவற்றைக் கருத வேண்டும். தெருவோரத்தில் பல மணி நேரம் அமர்ந்திருக்க நேரும். தீப்பந்தங்கள் அருகே செல்லும். பொறி பட்டால் உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழைத் துணியைவிடப் பருத்தியே ஏற்றது. நகரம் ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் இருப்பதால் இரவில் மெல்லிய போர்வை உதவும். மழைக்குக் குடையும் வேண்டும். அவ்வூர்வலத்தில் பத்தினித் தெய்வத்தின் கோயிலும் பங்கு கொள்கின்றது. அத்தெய்வம் நம் கண்ணகியே என்பதை நினைத்தால், அயலூர் என்னும் எண்ணமே சற்றுக் குறையும்.

கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் மதுரை நாயக்கர் உறவினர். அவர்களுள் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், சைவச் சூழலில் பிறந்தும், 1753இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பௌத்தத் துறவு நெறிக்குப் புத்துயிர் அளித்தார். அரசாள வந்தவரே ஊரின் நெறியைத் தம் நெறியாகப் போற்றினார். ஒரு மாலைப்பொழுது விருந்தினராகச் செல்பவர் தோளை மறைக்க ஒரு முழத் துணியைக் கூடுதலாக எடுத்துச் செல்வது பெரிய சுமையாகுமா?